ஓனர் கோட்டும் ஆறு பேன்ட்டும்

போன வாரம் ஆபீஸ்ல ஒரு ஜூனியர் பையன் என் சீட்டுக்கு வந்து, "அண்ணா, ஒரு ரிசப்ஷன் போகணும். நேவி ப்ளூ கோட்டு இருக்கு. அதுக்கு கருப்பு பேன்ட் போடலாமா?"ன்னு கேட்டான். வருஷத்துல முன்னூறு நாள் ரவுண்ட் நெக் டி-ஷர்ட்ல ஆபீஸ் வர்ற என்கிட்ட வந்து இதைக் கேக்கணும்னா அவனுக்கு வேற ஆளே கிடைக்கலைன்னு அர்த்தம். :-)

ஆனா பாருங்க மக்களே, இந்த ஒரு விஷயத்துல மட்டும் எனக்கு பதில் தெரியும். "போடாத"ன்னு சொன்னேன். ஏன்னு கேட்டான். அது பெரிய கதைடா, எழுதியே காட்டுறேன்னு சொல்லி அனுப்பிட்டேன். இதோ எழுதியாச்சு. கொஞ்சம் நீளம், காபி எடுத்துட்டு வந்துடுங்க.

கதை 2018 ஆகஸ்ட்ல ஆரம்பிக்குது. திருநெல்வேலி பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ், ஃபைனல் இயர், கேம்பஸ் இன்டர்வியூ சீசன். "கோட்டும் டையும் இல்லாம ஒரு பயலும் இன்டர்வியூ ஹாலுக்குள்ள போகக் கூடாது"ன்னு பிளேஸ்மென்ட் சார் நோட்டீஸ் ஒட்டிட்டார். ஹாஸ்டல்ல எங்க விங்ல நாங்க ஆறு பேர் செட்டு. ஆறு பேர்ல ஒருத்தன்கிட்டதான் கோட்டு இருந்துச்சு. அதனால அவனுக்கு அன்னைலேர்ந்து பேரு ஓனர். நிஜப் பேரு அவன் கல்யாணப் பத்திரிகையில பார்த்தப்பதான் எங்களுக்கே திரும்ப ஞாபகம் வந்துச்சு.

அது அவனோட கோட்டு கூட இல்ல. அவங்க அப்பாவோடது. அவர் பஸ் கண்டக்டர். 1994ல அவரோட கல்யாண ரிசப்ஷனுக்குத் தைச்சது. நேவி ப்ளூ, கொஞ்சம் சொரசொரப்பான நெசவு, தோள்பட்டை ரெண்டு பக்கமும் கதவு மாதிரி அகலம். ஒரே ஒரு ராத்திரி போட்டுட்டு பாச்சை உருண்டையோட பீரோவுல வெச்சிட்டார். இருபத்தி நாலு வருஷம் கழிச்சு "தம்பி இன்டர்வியூவுக்கு ஆவும்லா"ன்னு மஞ்சப் பையில சுத்தி ஹாஸ்டலுக்குக் கொண்டு வந்து குடுத்தார்.

அந்த சீசன் முழுக்க அந்தக் கோட்டு சும்மா தொங்கினதே இல்ல. ஒருத்தன் வெளிய வருவான், கழட்டுவான், அடுத்தவன் மாட்டுவான். பேன்ட் மட்டும் அவனவன் பேன்ட். ஒருத்தன் கருப்பு, ஒருத்தன் பிஸ்கட் கலர், ஒருத்தன் காலேஜ் யூனிஃபார்ம் கிரே, ஒருத்தன் காபி கலர். நான் ஏதோ ஒரு ஆலிவ் பச்சை, இப்ப போட்டோவுல பார்த்தா எனக்கே வெக்கமா இருக்கு. அந்தக் கோட்டோட ஒரே தானுல வெட்டின ஜோடி பேன்ட் ஓனர்கிட்ட மட்டும்தான். அப்பாவோட பேன்ட்டை இடுப்புல பிடிச்சுத் தைச்சு வெச்சிருந்தான். ஆக, ஒரு கோட்டு, ஆறு பேன்ட்டு.

அந்த சீசன் முடியும்போது அஞ்சு பேருக்கு வேலை கிடைச்சிருச்சு. கிடைக்காதது ஓனருக்கு மட்டும்.

இதை நாங்க பல வருஷமா ஜோக்காத்தான் சொல்லிட்டு இருந்தோம். "கோட்டு ராசியான கோட்டுதான், ஓனரைத் தவிர." அவனும் கூட சேர்ந்து சிரிப்பான். ஆனா அந்த ஜோக்குல எனக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு பார்ட் இருக்கு. சரி, அதை அப்புறம் சொல்றேன்.

நேரா 2025க்கு வாங்க. ஓனருக்கு கல்யாணம். அவன் இப்ப கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனியில குவாலிட்டில இருக்கான். நம்ம பக்கம் ரிசப்ஷனுக்கு மாப்பிள்ளை கோட்டு சூட்டு பொண்ணு வீட்டுலதான் எடுப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். இவன் வேண்டாம்னுட்டான். "எங்க அப்பா கோட்டு இருக்கு, அதைத்தான் போடுவேன்." பொண்ணு வீட்டுல கொஞ்சம் வருத்தம். "பழைய கோட்டை மாட்டிக்கிட்டு நின்னா நாலு பேரு எங்களைத்தான சொல்லுவாங்க"ன்னு பொண்ணோட பெரியப்பா போன்லயே கேட்டுட்டார். கடைசில ஷூவும் சட்டையும் அவங்க எடுக்கறதுன்னு முடிவாச்சு.

பிரச்சனை என்னன்னா, கோட்டு இருக்கு, ஜோடி பேன்ட் இல்ல. "பேன்ட் எங்கடா?"ன்னு கேட்டேன். "அதைத்தாம்லே வேலைக்குப் போட்டுட்டுப் போனேன். ஷாப் ஃப்ளோர்ல கிரைண்டிங் பொறி பட்டு ஓட்டை ஓட்டையாயிட்டு"ன்னான். கோட்டு தேவைப்படாத வேலை, பேன்ட்டை ஏன் சும்மா வைக்கணும்னு எடுத்துப் போட்டிருக்கான். நான் ஒண்ணும் பேசல.

கல்யாணத்துக்கு மூணு வாரம் இருக்கும்போது நான் சென்னையிலேர்ந்து கிளம்பி வந்தேன், பேன்ட் தேடுறதுக்கு. இன்ஜினியர் மூளை என்ன சொல்லும்? கோட்டைக் கையில எடுத்துட்டுப் போ, அதே கலர் துணியைக் கண்டுபிடி, தைச்சுடு, மேட்டர் ஓவர். டவுன்ல ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போனோம். நாப்பது நேவி ப்ளூ பிட்டு எடுத்துப் போட்டாங்க. ஒண்ணு அச்சு அசலா அப்படியே கோட்டோட கலர். 1.30 மீட்டர் வெட்டி வாங்கிட்டு ஜெயிச்ச சந்தோஷத்துல வெளிய வந்தோம். வெயில்ல வெச்சுப் பார்த்தா கோட்டு நீலம், பிட்டு கத்திரிப்பூ கலர்!

கடைக்காரர் ஏமாத்தல. அதுக்கு மெட்டமெரிசம்னு பேரு. துணியோட கலர் துணியில மட்டும் இல்ல, அது மேல விழுற வெளிச்சத்துலயும் இருக்கு. நம்ம கண்ணு வெளிச்சத்தோட ஸ்பெக்ட்ரம் மொத்தத்தையும் படிக்கிறதில்ல. மூணு வகை கூம்பு செல்கள் குடுக்குற மூணு நம்பரை வெச்சு "இது இந்தக் கலர்"னு முடிவு பண்ணிடுது. வேற வேற சாயம் போட்ட ரெண்டு துணி ஒரு வெளிச்சத்துல தற்செயலா அதே மூணு நம்பரைக் குடுத்துடலாம். வெளிச்சம் மாறினா நம்பர் மாறிடும், குட்டு வெளிப்பட்டுடும். நம்ம ஆளுங்களுக்குப் புரியிற மாதிரி சொன்னா, ஹாஷ் கொலிஷன். இதுல முப்பது வருஷப் பழைய சாயத்துக்கு இன்னைக்குள்ள சாயத்துல ஜோடி தேடினா எங்க கிடைக்கும்?

கத்திரிப்பூ பிட்டோட ரத வீதி பக்கம் ஒரு சந்துல இருக்கிற டெய்லர் கடைக்குப் போனோம். ஓனரோட அப்பா சொல்லி அனுப்பின இடம். அறுபது வயசு தாண்டின அண்ணாச்சி. கோட்டை வாங்கி உள்பக்கம் திருப்பி, லைனிங்கைத் தடவிப் பார்த்துட்டு, "கேன்வாஸ் வெச்சுத் தைச்சிருக்கான், நல்ல கை"ன்னார். அப்புறம் எங்க பிட்டைப் பார்த்தார். சிரிச்சார்.

"தம்பி, ஒண்ணு கேட்டுக்கிடுங்க. ஜோடின்னா ஒரே தானு, ஒரே சாயம். அது போச்சுன்னா போச்சு. கிட்டத்தட்ட ஜோடின்னு ஒண்ணு கெடையாது. வேறன்னா வேறன்னு தூரத்துல வரும்போதே தெரியணும். கிட்டக்க வந்து 'ஏ, இது வேறயால்லா இருக்கு'ன்னு ஒருத்தன் சொல்லுதாம்னா, நீங்க தெரியாம மாட்டிட்டு வந்திருக்கீயன்னு அர்த்தம்."

எனக்கு உள்ளுக்குள்ள சுருக்குன்னுச்சு. காரணம் அப்புறம்.

அன்னைக்கு சாயங்காலம் முழுக்க அண்ணாச்சி கடையிலதான் உக்காந்திருந்தோம். அவர்கிட்ட கத்துக்கிட்டதை வரிசையா போடுறேன், ஜூனியர் தம்பி கவனி:

1. நேவி கோட்டுக்கு கருப்பு பேன்ட் வேண்டாம். ராத்திரி வெளிச்சத்துல ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், ஆனா ஒண்ணு இல்ல. ரொம்ப அடர்ந்த சார்கோல் கிரேவுக்கும் இதே கதிதான். நடுத்தர கிரே போட்டா வித்தியாசம் பளிச்சுன்னு தெரியும், கண்ணையும் குத்தாது. பிஸ்கட் கலரெல்லாம் பகல் விசேஷத்துக்கு.

2. எல்லா கோட்டையும் ஜோடியிலேர்ந்து பிரிக்க முடியாது. மொழுமொழுன்னு பளபளக்கிற துணி, மெல்லிசு கோடு போட்ட துணி இதெல்லாம் தனியா போட்டா பேன்ட் தொலைஞ்சு போன சூட்டுன்னு காட்டிக் குடுத்துடும். நெசவு கொஞ்சம் சொரசொரப்பா தெரியிற துணி தனியா நிக்கும். எங்க நல்ல காலம், இந்தக் கோட்டு ரெண்டாவது ரகம்.

3. பட்டனை மாத்தினா பாதி வேலை முடிஞ்சது. கோட்டு கலர்லயே இருந்த பழைய பிளாஸ்டிக் பட்டனைப் பிரிச்சிட்டு, மங்கலான காபி கலர் பட்டன் வெச்சார். அவ்ளோதான், சூட்டுல பாதியா இருந்தது முழு பிளேசர் ஆயிடுச்சு.

4. கோட்டு அளவைப் பார்த்துட்டுதான் பேன்ட் அளவு. பழைய கோட்டு, தோள் அகலம். தோளைக் குறைக்கிறது கோட்டையே பிரிச்சு மறுபடி தைக்கிற மாதிரி, சைடு தையலை மட்டும் கொஞ்சம் பிடிக்கலாம். அதுக்குக் கீழ இப்போதைய ஒட்டுன பேன்ட் போட்டா ஐஸ் குச்சி மேல ஐஸ் வெச்ச மாதிரி இருக்கும். பாட்டம் 16 இன்ச் வெச்சார். இடுப்பையும் கொஞ்சம் மேலயே வெச்சார். கோட்டு பட்டன் போட்டதும் அதுக்குக் கீழ சட்டை முக்கோணமா எட்டிப் பார்க்கக் கூடாதாம்.

5. துணியை மூணு வெளிச்சத்துல பார்க்கணும். வெயில், டியூப் லைட், மஞ்ச பல்பு. ராத்திரி விசேஷம்னா மஞ்ச பல்புக்குத்தான் கடைசி ஓட்டு. அண்ணாச்சி இதுக்குன்னே ஒரு குண்டு பல்பு மாட்டி வெச்சிருக்கார். மெட்டமெரிசம்ங்கிற வார்த்தை அவருக்குத் தெரியாது, ஆனா எனக்கு முப்பது வருஷம் முன்னாடியே விஷயம் தெரியும்.

6. இனிமே புதுசா சூட்டு எடுக்கிறவங்களுக்கு: கோட்டை விட பேன்ட் சீக்கிரம் தேயும். ஒரே தானுல ரெண்டு பேன்ட் தைச்சுக்கோங்க. டிரை கிளீனிங் குடுத்தா கோட்டையும் பேன்ட்டையும் சேர்த்தே குடுங்க. ஒண்ணு மட்டும் போய் வந்தா ஒண்ணு மட்டும் வெளுக்கும். அப்புறம் என் போஸ்ட்டைத் தேடி வருவீங்க.

இதெல்லாம் நம்ம ஊர் ரிசப்ஷனுக்கு. வெள்ளைக்காரன் சம்பிரதாயமா "பிளாக் டை"ன்னு போட்ட விருந்துன்னா இந்த ஆட்டமே செல்லாது. அங்க டின்னர் ஜாக்கெட்டும் பேன்ட்டும் ஒரே துணிதான், பேன்ட் ஓரத்துல பட்டுப் பட்டி ஓடும், பெல்ட் கிடையாது. தந்தக் கலர் ஜாக்கெட், வெல்வெட் ஜாக்கெட் போட்டா மட்டும் கீழ தனியா கருப்பு பேன்ட். 1865ல லண்டன் சேவில் ரோ ஹென்றி பூல் கடையில, அப்போ இளவரசரா இருந்த ஏழாம் எட்வர்டுக்காக வீட்டு விருந்துக்குத் தைச்ச குட்டை கோட்டுதான் இதுக்கு மூலம்னு அந்தக் கடையோட வரலாறு. 1886 வாக்குல அமெரிக்காவுல டக்சிடோ பார்க் கிளப்புக்குப் போய் டக்சிடோன்னு பேர் வாங்கிச்சு. அவரோட பேரன், பின்னாடி வின்ட்சர் கோமகன் ஆனவர், கருப்புக்கு பதிலா மிட்நைட் ப்ளூ போட ஆரம்பிச்சார். ஏன்னா செயற்கை வெளிச்சத்துல கருப்புத் துணி லேசா பச்சையடிக்கும், அடர் நீலம் கருப்பை விட கருப்பா தெரியும். ஆக, இளவரசருக்கும் இந்த பல்பு பிரச்சனைதான்!

சரி, "அப்புறம் சொல்றேன்"னு தள்ளி வெச்ச பார்ட்.

2018ல ஒரு நாள் ஒரே நேரத்துல ரெண்டு கம்பெனி வந்துச்சு. எனக்கு காலைல ஒம்போது மணி, ஓனருக்கு பதினொண்ணு. பத்தரைக்கு நான் கோட்டைக் கழட்டிக் குடுக்கணும், இதுதான் பேச்சு. என் இன்டர்வியூ லேட் ஆயிடுச்சு. போனெல்லாம் வாங்கி வெச்சிட்டாங்க. பத்தே முக்காலுக்கு ஒரு ஜூனியர் பையன் கண்ணாடிக் கதவுக்கு வெளிய வந்து நின்னு, தோளைத் தொட்டுத் தொட்டு சைகை காட்டினான். கோட்டு, கோட்டு. அடுத்து என் பேரைக் கூப்பிடப் போறாங்க. நான் பார்க்காத மாதிரி குனிஞ்சு என் ரெஸ்யூமையே படிச்சிட்டு இருந்தேன். ஒரு பக்க ரெஸ்யூமை எவ்ளோ நேரம் படிக்க முடியும்? அவன் போற வரைக்கும் படிச்சேன்.

ஓனர் பக்கத்து விங் சீனியர் யாரோ விட்டுட்டுப் போன கருப்புக் கோட்டைத் தேடிப் பிடிச்சு மாட்டிட்டுப் போனான். ரெண்டு சைஸ் பெருசு. கீழ அப்பாவோட நேவி பேன்ட். மேல கருப்பு, கீழ நேவி. கிட்டத்தட்ட ஜோடி. உள்ள போனதும் முதல் கேள்வியே "இந்தக் கோட்டு உன்னுதா?" இவன் பொய் சொல்லத் தெரியாதவன், "இல்ல சார், என் கோட்டை ஃப்ரெண்டு போட்டுட்டுப் போயிருக்கான்"னான். எல்லாரும் சிரிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் அவனுக்கு வாயே வரல. ஐசி இன்ஜின் பத்திக் கேட்டதுக்குக் கூட முழிச்சிருக்கான், ரூம்ல எங்களுக்கு அதைச் சொல்லிக் குடுத்ததே அவன்தான்.

கோட்டு இருந்திருந்தா வேலை கிடைச்சிருக்குமான்னு தெரியாது. எனக்கு பச்சை பேன்ட்டோடயே கிடைச்சுதே. ஆனா அந்தக் கண்ணாடிக் கதவு ஏழு வருஷமா என் கூடவே இருக்கு. முதல் சம்பளம், முதல் ஆன்சைட், முதல் அப்ரைசல், எல்லாத்துலயும் ஒரு மூலையில அந்தப் பையன் தோளைத் தொட்டுத் தொட்டு நின்னுட்டு இருப்பான்.

பேன்ட் டிரையல் பார்க்க திரும்ப அண்ணாச்சி கடைக்கு வந்த அன்னைக்கு ஓனர்கிட்ட சொல்லிட்டேன். அவன் கண்ணாடி முன்னாடி கிரே பேன்ட்டோட நின்னுட்டு இருந்தான், அண்ணாச்சி கீழ உக்காந்து குண்டூசி குத்திட்டு இருந்தார். "லே, அன்னைக்கு அந்தப் பையன் வந்ததை நான் பார்த்தேன். வேணும்னேதான் கோட்டைக் குடுக்கல."

அவன் திரும்பக் கூட இல்ல. கண்ணாடியிலயே என்னைப் பார்த்து, "தெரியும்லே. அந்தப் பய அன்னைக்கே சொல்லிட்டான். 'அண்ணன் குனிஞ்சிக்கிட்டாரு'ன்னு."

"ஏழு வருஷமா ஏன்டா கேக்கல?"

"கேட்டா என்ன சொல்லுவ? ஒரு வருஷம் உன் கூட பேசவே கூடாதுன்னு நெனச்சேன். லாக்டவுன்ல பாதி சம்பளம் வந்தப்ப நீ கேக்காமலே மாசா மாசம் பணம் போட்டுவிட்ட. சரி, இவனுக்கும் உள்ள உறுத்துது போலன்னு விட்டுட்டேன்."

நான் அப்படி நெனச்சுப் போடலன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்படி நெனச்சுத்தான் போட்டேனோன்னு சந்தேகம் வந்துச்சு. சும்மா இருந்தேன்.

அண்ணாச்சி தலையை நிமிர்த்தாமலே, "தம்பி, ஆடாம நில்லுங்க. ஒரு காலு ஏறி ஒரு காலு எறங்கிரும்"னார்.

ஓனர் சொன்னான், "பேன்ட் காசை நீ குடு. துணி, தையக்கூலி ரெண்டும். கோட்டுக்கு வாடகை." 2,550 ரூபா. அந்தக் கத்திரிப்பூ பிட்டையும் என் தலையிலயே கட்டிட்டான்.

ரிசப்ஷன் அன்னைக்கு ராத்திரி மண்டபத்துல ஸ்டேஜ் முழுக்க மஞ்ச எல்ஈடி. நேவி கோட்டு, நடுத்தர கிரே பேன்ட், வெள்ளை சட்டை, பொண்ணு வீட்டு கருப்பு ஷூ. இவனை இவ்ளோ நேரா நின்னு நான் பார்த்ததே இல்ல. பொண்ணோட பெரியப்பா என் பக்கத்துலதான் உக்காந்திருந்தார். கொஞ்ச நேரம் உத்துப் பார்த்துட்டு, "பழைய கோட்டுன்னாங்க, புதுசால்லா இருக்கு"ன்னார். நான் சிரிச்சு வெச்சேன்.

சாப்பாட்டுப் பந்தியில ஓனரோட அப்பா என் தோளைப் பிடிச்சார். ரிட்டயர் ஆயிட்டார், ஆனா கை இன்னும் பஸ் கம்பியைப் பிடிக்கிற மாதிரியே அழுத்தம். "தம்பி, இந்தக் கோட்டு அஞ்சு பிள்ளையளுக்கு வேலை வாங்கிக் குடுத்திருக்காம்லா? எம் மவன் சொன்னான். நான் ஒரு ராத்திரி போட்டதுக்கு அம்புட்டுக் காசான்னு அன்னைக்கு எங்கய்யா ஏசினாரு. இப்ப இருந்தா சொல்லியிருப்பேன்."

அவன் அப்பாகிட்ட அந்த அஞ்சு பேர் கதையை மட்டும்தான் சொல்லியிருக்கான். கருப்புக் கோட்டைப் பத்தி சொல்லவே இல்ல.

"ஆமா சித்தப்பா, அஞ்சு பேர்"னு சொல்லிட்டு, பாயசம் வேணும்னு இலையைப் பார்த்துக் குனிஞ்சுக்கிட்டேன்.

டிஸ்கி: ஜூனியர் தம்பி, கிரே பேன்ட் வாங்கிக்கோ. மஞ்ச பல்புல வெச்சுப் பாரு. யாராவது கோட்டு கடன் கேட்டா குடு. கடன் வாங்கினா மட்டும், டைமுக்குத் திருப்பிக் குடுத்துடு.